பஸ் ஏறிப் போய் வாங்கின பருப்பு

ஆவுடைத்தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று காசிராஜன் முடிவே கட்டிவிட்டார்.

பின்னே என்ன? பரளச்சிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவருடையது ஒன்றுதான் பலசரக்குக் கடை. அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கே போகணும். அவளோ கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓலைக் கொட்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிறாள். அருப்புக்கோட்டையில் புதிதாகத் திறந்த பெரிய கூட்டுறவுக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள்.

"போக முக்கா ரூவா, வர முக்கா ரூவா. பருப்புல மிச்சம் பிடிக்கது நாலணா. இது என்ன கணக்குன்னு எனக்கு வெளங்கல," என்று பெண்டாட்டியிடம் புலம்பினார்.

"அவ காசு, அவ பஸ்ஸு. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் சௌந்தரம், மிளகாய் வற்றலைப் புடைத்தபடி.

எரியாமல் என்ன செய்யும்? முதல் மாதம் ஆவுடைத்தாய் ஒருத்திதான் போனாள். அடுத்த மாதம் அவள் தெருவே கிளம்பிவிட்டது. களையெடுத்த கூலி கைக்கு வந்த மறுநாள் டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. காசிராஜன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வியாபாரத்தில் பாதி அந்தத் தெருதான். இப்படியே போனால் தை பிறப்பதற்குள் கடையை ஏறக்கட்ட வேண்டியதுதான்.

மனுஷன் சும்மா இருப்பாரா? டவுன் விலைக்கும் நாலணா கீழே இறக்கினார். ஊர் பூராவும் தமுக்கு அடித்துச் சொல்லச் சொன்னார். சோப்பு வாங்கினால் ஒரு துண்டு கருப்பட்டி இனாம் என்றார். கருப்பட்டியை எறும்பு தின்றது.

ஒருநாள் வழியை மறித்தே கேட்டுவிட்டார்.

"ஏ ஆவுடைத்தாய், நில்லு. டவுனைவிட நாலணா கம்மிங்கேன். இன்னமும் எங்க போற?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மொதலாளி. போயிட்டு வாரேன்."

அவ்வளவுதான். மரியாதையாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். திட்டுவதற்குக்கூட ஒரு பிடி கொடுக்கவில்லை.

"மருந்து வச்சிட்டானுக," என்றார் சௌந்தரத்திடம்.

"பருப்புலயா?"

"டவுன்காரன் எதுக்கும் துணிஞ்சவன்."

"நீங்க அளவுல கொறைச்சிருப்பீக."

காசிராஜனுக்கு வந்ததே கோபம். "யாரு, நானா? எங்கப்பா காலத்துல இருந்து ஒரு பொட்டு கொறைஞ்சிருக்குமா? அவ விடியக்காலமே வந்து தள்ளி நின்னாலும், கடையில எம்புட்டுக் கூட்டம் இருந்தாலும், எல்லாரும் வாங்கிட்டுப் போன பொறகு மறக்காம கூப்பிட்டுக் குடுக்கேன். ஒருநாளாச்சும் வெறுங்கையோட அனுப்பியிருக்கேனா? எவன் செய்வான் இப்படி?"

சௌந்தரம் மிளகாய்ச் சுளகை எடுத்துப் புடைத்தாள். மிளகாய் நெடிக்கு இரண்டு தும்மல் போட்டாள்.

அடுத்த தடவை ஆவுடைத்தாய் ஏறின பஸ்ஸில் அவரும் ஏறினார். அந்த டவுன் கடையில் அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று வீறாப்பு. அருப்புக்கோட்டையில் இறங்கினதும் அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். இவர் சட்டைப் புழுதியைத் தட்டி, ஒரு கலர் வாங்கிக் குடித்து, கௌரவமாகப் போய்ச் சேர்ந்தார்.

கடை பெரிசுதான். வாசல்வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காசிராஜன் யாரையும் சட்டை பண்ணாமல் நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

பில் போட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கவில்லை. "வரிசை அந்தா இருக்கு, பெரியவரே."

"நானும் கடை வச்சிருக்கவன்தான்."

"சந்தோசம். வரிசையில வாங்க."

வேண்டாவெறுப்பாக வரிசையின் வாலுக்குப் போனார். அங்கே நின்றது ஆவுடைத்தாய். வேறு வழியில்லாமல் அங்கேயே நின்றார். நின்ற இடத்திலிருந்தே விலைப் பலகையை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். சாக்கில் இருந்த பருப்பை எட்டிப் பார்த்தார். இவர் கடையில் இருக்கிற அதே பருப்பு. ஒரே மண்டியில் ஏற்றின லோடாகத்தான் இருக்கும். விலைதான் நாலணா கூட.

அவருக்குத் தாங்கவில்லை. நாலு பேர் காதில் விழாமல் குரலைத் தணித்தார்.

"இந்தா பாரு ஆவுடைத்தாய். அதே பருப்பு. எங்கிட்ட வெலையும் கம்மி. பஸ்ஸுக்கு வேற ஒண்ணரை ரூவா தெண்டம் அழுகுற. இங்க அப்படி என்னத்தத்தான் குடுக்கான்? ஒளிக்காம சொல்லு, நானும் அதையே குடுத்துட்டுப் போறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசை ஒரு எட்டு நகர்ந்தது. அவள் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார்.

"குடுப்பீகளா மொதலாளி?"

"சத்தியமாக் குடுக்கேன். சொல்லு."

"பெருசா ஒண்ணுமில்ல," என்றாள் ஆவுடைத்தாய். "இங்க நான் முந்தி வந்தேன். நீங்க எனக்குப் பின்னால நிக்கீக."