பட்டினிக்குச் சாட்சி

"நாலஞ்சு நாளா சோறு இறங்காதவன் ரத்தத்துல சர்க்கரை எப்படிம்மா சரியா இருக்கும்? ஆளு திருட்டுத்தனமா சாப்பிடுறான். அப்படியே எழுதிக் குடுங்க."

தாசில்தார் சொன்னதை டாக்டர் நஃபீசா நின்றபடியே கேட்டாள். தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து வீரையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி காத்தாயி.

குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சட்டம் வந்த கையோடு மிராசுதார், சம்பா அறுப்பு முடிந்ததும் வீரையனை வயலை விட்டு இறக்கிவிட்டார். அவன் பெயரை ஏற்ற தாசில்தாருக்கு மனமில்லை. அதனால்தான் இந்த உண்ணாவிரதம்.

"சாப்பிடலேன்னாலும் சர்க்கரை சட்டுனு இறங்காது சார். உடம்பு விடாது," என்றாள் நஃபீசா. "ஈரல்ல சேர்த்து வச்சிருக்கிறதை எடுத்து ரத்தத்துல விடும். அது தீர்ந்தா கொழுப்பைக் கரைக்கும். வெளியிலேருந்து எதுவும் வராம போனாலும், உள்ளே அளவு கெடாமப் பார்த்துக்கும்."

"அப்ப சாப்பிட்டவன், சாப்பிடாதவன் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"சிறுநீர்ல தெரியும். கொழுப்பு கரையுறப்போ அதோட கழிவு அதுல வரும். மருந்து விட்டா ஊதாவாகும். வேளைக்குச் சாப்பிடுறவனுக்கு ஆகாது."

தாசில்தாருக்கு அது பிடித்துப்போயிற்று. "பண்ணிடுங்க. நிறம் மாறலேன்னா போலீஸை வச்சு இப்பவே தூக்கிடறேன். மாறுச்சுன்னா அவன் பேரை நானே ஏத்துறேன்." கூடியிருந்த விவசாயிகள் சங்கத்து ஆட்கள் காதில் விழும்படியே சொன்னார்.

நஃபீசாவுக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது. வீரையனின் கண்கள் குழி விழவே இல்லை. ஆனாலும் கண்ணாடிப் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

எழுந்தவன் தள்ளாடினான். காத்தாயி தோள் கொடுத்து, ஆபீஸுக்குப் பின்னாலிருந்த தட்டி மறைப்புக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்து பாட்டிலைக் கொடுத்தாள்.

நஃபீசா சோதனைக் குழாயில் மருந்தைச் சேர்த்தாள். தாசில்தார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். குழாய்க்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் தோன்றிக் கெட்டியானது.

"பட்டினி நிஜம்தான் சார். இனியும் விட்டா உயிருக்கு ஆபத்து."

தாசில்தாரின் முகம் வெளுத்தது. ஆபீஸ் வாசலில் ஒரு சாவு விழுந்தால் விஷயம் மந்திரி வரைக்கும் போகும். உள்ளே போனவர் வீரையன் பெயரை ஏற்றி, உத்தரவோடு வெளியே வந்தார். எலுமிச்சைச் சாறும் அவரே கொடுத்தார். சங்கத்து ஆட்கள் கோஷம் போட்டபடி கடைத்தெருப் பக்கம் போனார்கள். தாசில்தார் ஜீப் ஏறினார்.

வீரையன் சாற்றைக் குடிக்கவில்லை. டம்ளரோடு எழுந்து, மரத்தடியில் சரிந்து கிடந்த காத்தாயியிடம் ஓடினான்.

நஃபீசா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலாக ஓடியது.

"என்னம்மா ஆச்சு? கடைசியா எப்ப சாப்பிட்டே?"

வீரையன் புகட்டிய சாறு இரண்டு வாய் இறங்கிய பிறகுதான் காத்தாயிக்குப் பேச்சு வந்தது.

"அவருக்கு வயித்துப் புண்ணுங்க டாக்டரம்மா. ஒரு நாள் முழுசா விட்டாலும் ரத்தமா வாந்தி எடுப்பாரு. அதான் இருட்டுனதும் யாருக்கும் தெரியாம கஞ்சி குடுத்துடுவேன். ஆனா ஊரறிய பட்டினின்னு சொல்லிட்டு அது பொய்யாப் போயிடக் கூடாது பாருங்க. உக்காந்தது அவரு, பட்டினி கெடந்தது நானு. பாட்டில்ல இருந்ததும் என்னுதுதான்."