குரல் கொடுக்கக் கூடாது

முள் கன்னத்தில் ஏறியிருக்கிறது. அவன் அதை எடுக்கவில்லை. எடுத்தால் கிளை ஆடும்.

வேலிகாத்தான் புதருக்குள் குப்புறக் கிடக்கிறான். வாயைத் திறந்து மூச்சு விடுகிறான். மூக்கால் விட்டால் சத்தம் வருகிறது.

சற்று முன்புதான் குடிசை வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஏரிக்கரைப் பக்கம் பைக் சத்தம். சித்தப்பா சீழ்க்கை அடித்தார். எலி பிடிக்கப் போகும்போது அடிக்கிற சீழ்க்கை இல்லை. இது வேறு.

காக்கி வருகிறது.

அவ்வளவுதான். இருளர் குடியிருப்பு மொத்தமும் காலி. ஆளுக்கொரு திசை. செருப்பைத் தேடக் கூடாது. அடுப்பை அணைக்கக் கூடாது. முக்கியமாக, குரல் கொடுக்கக் கூடாது. பெற்ற பிள்ளையைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இங்கே இதைப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை.

போன மாதம் செங்கல் சூளை மேஸ்திரி கூப்பிட்டார். தெரிந்த குரல்தானே என்று அப்பா, "இன்னா சாமி?" என்று எழுந்து நின்றார்.

மேஸ்திரிக்குப் பின்னால் போலீஸ் நின்றது.

யாரோ எங்கோ தொலைத்த நகைக்கு அப்பா இன்னும் ஜெயிலில் இருக்கிறார். ஜீப்பில் ஏற்றும்போது ஒரு போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மவன் காலேஜ் படிக்கிறானாமே? அடுத்த கேசுக்கு ஆவான்."

அன்றோடு அவன் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். பஸ் நிறுத்தம் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிறது. எப்படிப் போவான்?

கிளைகளுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிகின்றன. பூட்ஸ். காக்கிப் பேன்ட்.

வாசலில் நிற்கிறது. ஒரு கை கீழே இறங்கி, உருண்டு கிடந்த சொம்பை நிமிர்த்தி வைக்கிறது.

போலீஸ் சொம்பை உதைக்கும், நிமிர்த்தாது. அவனுக்கு அது உறைக்கவில்லை. பயத்தில் என்ன உறைக்கும்?

"கன்னியப்பா!"

பேர் தெரிந்திருக்கிறது. ஐயோ, பேர் தெரிந்திருக்கிறது.

கால்சட்டை நனைகிறது. பதினெட்டு வயதில். வெட்கப்படக்கூட அவனுக்கு நேரமில்லை.

"டேய் கன்னியப்பா! எங்கடா போனீங்க எல்லாரும்? அடுப்பு எரியுது, ஒரு ஆளக் காணோம். பாம்பு கீம்பு பூந்துடுச்சா?"

தெரிந்த குரல். கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைச் சாய்த்துப் பிடித்தால் தலையில் தட்டுகிற குரல். மூன்றாமாண்டு பிலவேந்திரன் அண்ணன்.

அவர்கள் துறையில், புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனையும் ஒரு சீனியரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவன் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த சீனியரின் பாடு. "நீ நின்னா என் மானம் போயிடும்டா" என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆனால் அண்ணனுக்கு ஏது காக்கி?

மேஸ்திரியின் குரலும் தெரிந்த குரல்தான்.

"இன்னிக்கு பிராக்டிகல்டா. மத்தியானம் கடைசி பேட்ச். வரலன்னா பேரை எடுத்துடுவாங்க. முதல் வருஷத்தோட உன் படிப்பு போச்சு. ஹெச்.ஓ.டி.கிட்ட கெஞ்சிக் கூத்தாடிட்டு வந்திருக்கேன். பரேடுலேர்ந்து அப்படியே ஓடியாறேன், டிரஸ்கூட மாத்..."

குரல் பாதியில் நிற்கிறது.

காற்று இல்லை. அடுப்பில் சுள்ளி வெடிக்கிறது.

"அடச்சே. டேய், இது என்.சி.சி.டா! என்.சி.சி. யூனிஃபார்ம்!"



பெல்ட் தரையில் விழுகிறது. காக்கிச் சட்டை விழுகிறது. ஒரு பூட்ஸ். இன்னொன்று. பேன்டும் விழுகிறது. இப்போது தெரிவது இரண்டு ஒல்லிக் கால்கள். அதில் ஒன்று நடுங்குகிறது.

"பாருடா. இவ்ளோதான் நான். வேற யாரும் வரலடா."

அண்ணனும் பயந்துபோயிருக்கிறார். தன்னைப் பார்த்து ஒரு ஊரே ஓடினால் யாருக்குத்தான் பயம் வராது?

தனியாகத்தான் வந்தேன் என்று மேஸ்திரியும் சொன்னார்.

அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். குரல் கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் எல்லாம் போச்சு.

"அண்ணா."

சொல்லிவிட்டான்.

பூட்ஸ்கள் எதுவும் ஓடி வரவில்லை.

புதரை விட்டு வெளியே வருகிறான். கன்னத்தில் ரத்தம், கால்சட்டை ஈரம். எதிரே பனியனும் பூப்போட்ட டிராயருமாக அண்ணன். அண்ணன் அந்த ஈரத்தைப் பார்க்கிறார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குளிச்சிட்டு வாடா. நேரம் இருக்கு" என்கிறார்.

குளித்துவிட்டு வருகிறான். கொடியில் அப்பாவின் சட்டையும் வேட்டியும் கிடக்கின்றன. எடுத்து அண்ணனிடம் நீட்டுகிறான். அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். காக்கியைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கிறார்.

அவன் புதர்களைப் பார்த்துக் கத்துகிறான்.

"அம்மா! இது எங்க காலேஜ் அண்ணன்மா! நான் பரீட்சைக்குப் போறேன்!"

இலைகூட அசையவில்லை.

அவனுக்குப் புரிகிறது. இப்போது அவன் குரலும் தெரிந்த குரல்தான்.

அண்ணன் தோளைத் தொடுகிறார். பைக்கை மிதிக்கிறார். அவன் பின்னால் ஏறி, அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.

வண்டி அசையும்போது, எங்கோ முள்ளுக்குள்ளிருந்து, நடுங்கிக்கொண்டே:

"பானையில சோறு கீது. ரெண்டு பேரும் துன்னுட்டுப் போங்க."

அம்மா வெளியே வரவில்லை. குரல் கொடுத்தாள்.