கேரம் மன்றத்துக்கு லைசென்ஸ்

ஜன்னல் வழியாகச் சாய்வெயில் கேரம் பலகை மேல் விழுகிறது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. மன்றத்தின் லைசென்ஸைப் புதுப்பிப்பதா, பூட்டுப் போடுவதா என்று பார்க்க வந்த அதிகாரி ஆதிகேசவன், அதை விரலால் தடவுகிறார்.

"காசு வச்சு சீட்டாடற பழக்கமே இங்க இல்ல சார். தறிய விட்டு எழுந்தா கேரம்தான் ஆடிக்கினு இருப்பாங்க," என்கிறார் செயலாளர் நமச்சிவாயம்.

"அப்ப ஆடுங்கப்பா, பாக்கலாம்."

நான்கு பேர் பலகையைச் சுற்றி உட்காருகிறார்கள். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் திடீரென்று நின்றுபோகிறது. அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர்களுடைய கைகளையே பார்க்கிறார். முதல் ஆட்டம் குப்புசாமியுடையது. ஸ்ட்ரைக்கரை எடுக்கப் போன அவன் கை பாதியில் நிற்கிறது, மேலே போகிறது, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு திரும்புகிறது.

ஆதிகேசவன் பேனாவை மூடுகிறார்.

"சீட்டுக்கட்டு எங்கப்பா இருக்குது?"