பட்டியலில் முதல் வீடு

“அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பார்?”

டாக்டர் கேட்டதும் அவன் திருதிருவென்று விழித்தான்.

தண்ணீரைப் பற்றி வேறு எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் எத்தனை லிட்டர் போகும், ஷவரில் குளித்தால் எத்தனை, வாளியில் மொண்டு குளித்தால் எத்தனை. எல்லாம் நுனிநாக்கில் இருந்தது. அவன் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. வாஷிங் மெஷின் கக்கும் தண்ணீர் பாத்ரூம் கழுவ. குடியிருப்பின் தண்ணீர்க் குழுவுக்கு அவன்தான் செயலாளர். சண்டை போட்டு வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தான். மாதம் பிறந்தால் எந்த வீடு எவ்வளவு செலவழித்தது என்று லிப்ட் அருகே பட்டியல் ஒட்டினான்.

குறைவாகச் செலவழித்த வீட்டுக்கு முதலிடம்.

அது எப்போதும் அவன் வீடுதான்.

தப்பில்லை. போன கோடையில் அத்தனை வீடுகளும் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருக்கின்றன. யாராவது ஒருவர் கெடுபிடி செய்யத்தான் வேண்டும்.

தை மாதம் அப்பா கோவில்பட்டியிலிருந்து அவனோடு வந்து சேர்ந்தார். எழுபத்து நான்கு வயது. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய வயது.

அந்த மாதம் பட்டியலில் அவன் வீடு ஐந்தாவது.

சாப்பிடும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“நீங்க வந்தீங்க, நம்ம முதலிடம் போயிருச்சு. ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணினா பத்து லிட்டர் போகுதுப்பா.”

அப்பாவும் சிரித்தார். அவன் மனைவி மட்டும் அவனை முறைத்தாள்.

அடுத்த மாதம் மூன்றாவது.

சித்திரையில் மறுபடியும் முதலிடம்.

எப்படி என்று அவன் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். முட்டாள், ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அப்பா தினமும் காலை நடையை முடித்துக்கொண்டு வந்து அந்தப் பட்டியல் முன்னால் நிற்பார். காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவார். உச்சியில் மகன் பெயர் இருந்தது.

இன்று காலை அங்கேயே மயங்கி விழுந்தார்.

சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். சிறுநீரகம் இன்னும் கெடவில்லையாம். இப்படியே இருந்தால் ரொம்ப நாள் தாங்காதாம். மருந்தைவிட முக்கியம், அவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரி அறைக்கு வந்தான். டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினான்.

அப்பா இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“முழுசும் குடிங்கப்பா.”

அப்பா பாத்ரூம் கதவைப் பார்த்தார்.

“குடிச்சா அடிக்கடி போகணும்லா, ஐயா. போனா ஒரு தடவைக்குப் பத்து லிட்டர்.”

குறையாகச் சொல்லவில்லை. மகனிடம் கற்றுக்கொண்டதை ஒப்பிப்பதைப் போலச் சொன்னார்.

மூன்று மாதம். தாகத்தை அடக்கியிருக்கிறார். மற்றதையும் அடக்கியிருக்கிறார். ஒரே வீட்டில், அவன் கண் முன்னால்.

மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் மகன்கள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்து பாத்ரூமுக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை.

ஃப்ளஷை அழுத்தினான்.

தொட்டி நிறையும்வரை நின்றான். மறுபடியும் அழுத்தினான். வாஷ்பேசின் குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டான்.

அப்பாவுக்குக் கேட்க வேண்டும். எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று அவருக்குக் கேட்க வேண்டும்.

மூன்றாவது தடவை அழுத்தியபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது. பதறிய குரல்.

“போதும்யா, வீணாக்காத. நான் குடிச்சிருதேன்.”

அவன் குழாயை மூடினான்.

உடனே வெளியே வர முடியவில்லை.