நாலு வரிசைக் கல்

"இன்னாம்மா, இன்னிக்கும் மலையா?"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் தலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை.

அனுசுயா ஷூ கயிற்றைக் கட்டியபடியே சிரித்து வைத்தாள். "நாகலாபுரம்க்கா. சாயங்காலம் வந்துடுவேன்."

"போன வாரமும் போனே. அதுக்கு முந்தின வாரமும் போனே. அந்த மலைல இன்னாதான் வச்சிட்டு வந்துகீறே? ஊட்ல கீற வேலைய யாரு பாக்கறது?"

பதில் சொல்வதற்குள் வேன் வந்துவிட்டது. நல்லவேளை.

இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, நூம்பலில் அப்பா வாங்கிப் போட்ட மனையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தவள் அனுசுயா. நாவல் எழுதுகிறாள். காலையில் தோட்டம், பிறகு எழுத்து, நடுநடுவே மிளகு, சீரகம், ஏலம் என்று மூன்று பூனைகள், ஞாயிறானால் மலை. ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் நாட்கள் தண்ணீரில் இலை போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

கடைசி அத்தியாயத்தில்தான் எல்லாம் தட்டி நின்றது. கதாநாயகி ஷர்மிளா நின்ற இடத்தைவிட்டு அசைய மறுத்தாள். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் இந்த வருஷம் புத்தகம் கிடையாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

அனுசுயாவுக்கு ஒரு பழக்கம். எழுதப்போவதை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் சொல்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் வாக்கியங்கள் தானாக நீளும். சில காலைகளில், தான் சொல்கிறோமா, செடி சொல்லித் தான் கேட்கிறோமா என்றே தெரியாது.

இப்போது வார்த்தை வராமல் கொஞ்சம் நின்றால் போதும். அந்தத் தலை முளைத்துவிடும்.

"இன்னா, பூனையக் கொஞ்சிக்கினே கீறே? வேற சோலி இல்ல?"

"அது பாட்டுக்கு மடியில படுத்திருக்குக்கா."

"அது படுத்தா நீயும் படுத்துடுவியா? நல்லா கீதும்மா உன் பொழப்பு!"

மலையில், ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடி அனுசுயா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சின்ன மீன்கள் வந்து விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. ஷர்மிளா எங்கேயோ பக்கத்தில், மரங்களுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கூப்பிட்டால் திரும்பிவிடுவாள்.

எப்படிக் கூப்பிடுவது? தனியாகப் பேசுவதைத் தாயம்மா கேட்டிருப்பாளோ? தண்ணி லாரி வரும்போது தெருப் பெண்கள் தன்னைப் பார்த்துச் சிரித்தது இதற்குத்தானோ?

ஓடையைவிட்டு எழுந்திருக்கும்போது முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை கொத்தனார் வேம்புலி வந்தான். வாசலில் ஹாலோ பிளாக் கற்கள் இறங்கின.

"நாலு வரிசை ஏத்திட்டாப் போதும் மேடம். அந்தாண்ட யாரு கீறாங்கன்னே தெரியாது."

அவன் சிமென்ட் மூட்டையைப் பிரிப்பதற்குள் தாயம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"செவுரு ஏத்தக் கூடாது."

"ஏன்க்கா?"

"காத்து வராது."

வேம்புலி சிரித்தான். "யக்கா, உன் ஊட்டு ஜன்னலு அந்தப் பக்கம் கீது. இங்கேர்ந்து இன்னா காத்து?"

"துணி காயாது."

"மொட்டமாடில காயிற துணிக்கு செவுரு இன்னா பண்ணும்?"

தாயம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவர்மேல் மிளகு வாலைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது.

"பூனைங்க எப்டித் தாண்டும்? பாவம், வாயில்லாத ஜீவனுங்க."

நேற்றுவரை அந்தப் பூனைகளைக் கண்டால் ஆகாதவள்! அனுசுயாவுக்குச் சுர்ரென்று வந்தது.

வேம்புலி குரலைத் தாழ்த்தினான். "அரையடி எடத்துக்கு அடி போடுது மேடம். இந்த ஏரியால எல்லா ஊட்லயும் இதே கதைதான்."

"மனை அளந்த பேப்பர் உள்ளதான் இருக்குக்கா, கொண்டு வரட்டுமா?" அனுசுயாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் நிம்மதியா வேலை பாக்கணும். முடிக்க வேண்டிய நேரத்துல நீங்க முடிக்க விடமாட்டேங்கறீங்க."

"நானா உடல?" தாயம்மா துள்ளி எழுந்தாள். "மலைமலையா ஏறிகினு போறது யாரு? பூனைய மடில போட்டுக்கினு குந்திகினு கீறது யாரு? நல்லா சொல்லிகினே வந்து, நடுவுல கப்புனு நிறுத்திட்டு, வெறும் தண்ணிய ஊத்திட்டு உள்ள போறது யாரு?"

அனுசுயாவின் கண் செம்பருத்திப் பக்கம் போனது.

"எனக்கு உன் எடமும் வாணாம், பேப்பரும் வாணாம்." தாயம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கட்டிக்கோ. நாளைக்குப் புக்கா வரும், ஊரெல்லாம் படிக்கும். நானு கைநாட்டு. எனக்கு அது இன்னாத்துக்கு ஒதவும்?"

இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"செவுரு எழுப்பறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடு, மவராசி. அந்த ஷர்மிளா பொண்ண நெமிலிச்சேரி டேசன்ல பையும் கையுமா நிக்க வச்சிட்டுப் பதினாறு நாளாவுது. அது ரயிலு ஏறுச்சா இல்லியா?"