அன்னம் மறித்த பாதை

கால்வாய்க் கரையில் பாப்ளர் மரங்களின் நிழல் சரளைப் பாதையின் மேல் வரிவரியாக விழுந்து கிடக்கிறது. பாதையின் நடுவே ஓர் அன்னம் கழுத்தை நீட்டிச் சீறுகிறது. அதன் பின்னால் சாம்பல் நிறக் குஞ்சுகள் நிதானமாகப் புல் மேய்கின்றன. மனைவியை இழந்து தனியாக வாழும் அர்மெல், தன் புது சைக்கிளைக் கேடயம்போல் குறுக்கே பிடித்தபடி நிற்கிறார். மருந்துக்கடையில் வேலை செய்யும், சில மாதங்களாகப் பழக்கமான கிஸ்லேன் என்ற பெண்ணை இன்றுதான் முதன்முதலாகச் சவாரிக்கு அழைத்து வந்திருக்கிறார். "காரே வராத பாதைங்க. ஒரு பயமும் இல்ல, நான் இருக்கேன்ல" என்று காலையில் சொல்லியிருந்தார். தான் மலைகளில் ஏறி இறங்கிய கதையையும் வழியெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. "என்னங்க, மலைக்கே பயப்படாத ஆளாச்சே?" என்கிறார் கிஸ்லேன். "மலை கடிக்காதுங்களே!" அன்னம் சிறகை விரிக்கிறது. அர்மெல் சட்டென்று பின்வாங்க, இறுக்கமான சவாரிக் கால்சட்டை முட்செடியில் மாட்டி, பின்பக்கம் டர்ரென்று கிழிகிறது. கிஸ்லேன் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். தலைக்கவசம் மட்டும் குலுங்குகிறது. பிறகு தன் மழைக்கோட்டை எடுத்துத் தலைக்கு மேல் அகல விரித்துப் பிடித்து, அன்னத்தைவிடப் பெரிய பறவையாகி மெல்ல முன்னே நடக்கிறார். அன்னம் முனகிக்கொண்டே குஞ்சுகளோடு தண்ணீரில் இறங்குகிறது. "போயிடுச்சு அர்மெல், வா!" அர்மெல் அசையாமல் நிற்கிறார். இத்தனை மாதமும் 'வாங்க' என்று மட்டுமே சொன்ன வாய் அது. கிழிசலை ஒரு கையால் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, "இதோ வரேன், நீ முன்னாடி போ" என்கிறார்.