பழி யார் தலையில்?

“‘தாய்ப்பால் தர மறுக்கும் தாய்மார்கள்!’ இதையே தலைப்பாப் போட்டுடு” என்று தாளில் எழுதிக் காட்டினார் ஆசிரியர்.

நிருபருக்குச் சுருக்கென்றது. அவன் அப்பாவாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

“யாரும் மறுக்கலையே. வேலைக்குத் திரும்பினவங்கள்ல பாதிப் பேர் மூணே மாசத்துல நிறுத்திட்டாங்க. ஆபீஸ்ல அதுக்குன்னு ஒரு அறைகூட இல்லை. சுகாதாரத் துறை அறிக்கையில அப்படித்தான் இருக்கு.”

“அறை இல்லைன்னு போட்டா எவன் படிப்பான்? மனசிருந்தா மார்க்கமுண்டு. இதெல்லாம் சாக்குப்போக்கு.”

“சும்மா பழியைத் தூக்கி அம்மாக்கள் தலையில போடுறோம்.” அவன் குரல் உயர்ந்தது. “ஒருத்தங்க என்கிட்ட அழுதுட்டாங்க. ஆபீஸ் கழிவறையில நின்னுக்கிட்டே பாலைப் பீய்ச்சிக் கொட்டுவாங்களாம். அதுக்குள்ள யாராவது கதவைத் தட்டுவாங்களாம். கொஞ்ச நாள்ல பாலே வத்திப்போச்சாம்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் மெல்லத் துடைத்தார்.

“அப்போ, அது அவங்க தப்பில்லைங்கிறியா?”

“அவங்க தப்பு இதுல என்ன இருக்கு, மேடம்?”

தான் எழுதிய தலைப்பை ஆசிரியரே குறுக்கே அடித்தார். அடித்த பிறகும் பேனா தாளைவிட்டு எழவில்லை.

“என் பொண்ணு பிறந்து மூணாம் மாசம் நானும் வேலைக்கு வந்துட்டேன்ப்பா. இதே ஆபீஸ், இதே கழிவறைதான். எனக்குத்தான் தாய் மனசு பத்தலைன்னு இருபத்திரண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்.”